புதுப்பிப்பு: ஹார்மோனும் மனநோயும், என் பிளஸ் ஒன் ஆய்வு

ஹார்மோன் மாற்றத்தால் மனநோய் வருமா, பள்ளி ஆய்வை எங்கே தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தைராய்டிலிருந்து தொடங்கச் சொன்னவர்களுக்கு நன்றி. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1949-இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மனநிலை பாதித்த 14 பேர். எல்லோருக்கும் தைராய்டு சுரப்பு குறைவு. முகம் ஊதி, தோல் வறண்டு, குரல் கரகரத்திருக்கிறது. தைராய்டு மருந்து கொடுத்ததும் பெரும்பாலானோர் தேறினார்கள்.

அப்புறம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு வந்தேன். இப்போது ஆய்வே அதுதான். புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனிலிருந்து உருவாகும் அல்லோபிரெக்னனோலோன், மூளையின் காபா ஏற்பிகள் (மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்கள்) வழியாகப் பதற்றத்தைத் தணிக்கிறது. கர்ப்பத்தில் ஏறும் அதன் அளவு, குழந்தை பிறந்ததும் சடாரென்று இறங்கிவிடும். எல்லாத் தாய்மாருக்கும் இறங்கும்போது சிலர் மட்டும் ஏன் நோயில் விழுகிறார்கள்? இதுதான் என் கேள்வி. இந்த நோய்க்காக, அல்லோபிரெக்னனோலோன் போலவே காபா ஏற்பிகள் வழியாகச் செயல்படும் ஸுரனோலோன் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 14 நாள் மட்டும் சாப்பிட்டால் போதும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, பிள்ளையைத் தூக்கக்கூட மனமில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பிரசவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் அக்காக்கள் யாராவது இருந்தால், தாய்மாரிடம் மனநிலை பற்றி என்ன கேட்பீர்கள் என்று சொல்லுங்கள்.