மறு: ஆஃப்ஷோர் பேட்ரோல் வெஸல் – "தங்குகடல் காவற்கலம்" எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இலங்கைக் கடற்படையின் "சயுர" கப்பலுடைய பணி வரலாற்றை எழுதத் தொடங்கி முதல் வரியிலேயே நிற்கிறேன். அது ஆங்கிலத்தில் ஆஃப்ஷோர் பேட்ரோல் வெஸல், அதாவது கரையை விட்டு விலகிப் போய் நாள்கணக்கில் காவல் சுற்றும் கப்பல். அந்த வகையைச் சொல்லத் தமிழில் நம்மிடம் பொருத்தமான பெயர் இல்லை. இதுவரை இங்கே வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்துவிட்டு, சிலவற்றை மேற்கோள் காட்டி எழுதுகிறேன்.

> "கரையோர ரோந்துக் கப்பல்" போதுமே. நாளிதழ்களில் அப்படித்தானே வருகிறது.

போதாது அய்யா. பொருளே தலைகீழாகிவிடுகிறது. கரையோரம் என்றால் கரையை ஒட்டிய இடம். இந்தக் கப்பலோ கரையை விட்டு விலகிப் போவதற்கென்றே கட்டப்பட்டது. நான் இருப்பது பாம்பனில். "கரையோர ரோந்து" என்று இங்கே சொன்னால், மண்டபத்தில் கடலோரக் காவல்படை வைத்திருக்கும் ஹோவர்கிராஃப்ட்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். மணல் திட்டிலும் ஏறி இறங்கும் ஊர்தி அது. எங்கள் வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுக்கு, அதுதான் தோது. அங்கே பெரும்பகுதி 13 மீட்டர் ஆழம்கூட இல்லை. சயுரவோ 101 மீட்டர் நீளம், முழுச் சுமையில் ஏறத்தாழ 1,890 டன். அந்த அளவுக் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து கொச்சிக்குப் போவதானால் பாம்பன் கால்வாயில் நுழைய முடியாது, இலங்கையையே சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரு நாடுகளும் தத்தம் கரையிலிருந்து தம் கடல் எல்லையாக ஆளுக்கு 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர், அளந்தாலே ஒன்றன்மேல் ஒன்று விழும். 1974-இல் நடுவே எல்லைக் கோடு போட வேண்டி வந்ததே இதனால்தான். ஆக இங்கே "கரைக்கு அப்பால்" என்று சொல்லத்தக்க கடலே கிடையாது. வடகடலில் எங்கள் ஆட்கள் பார்ப்பது வேகப் படகுகளைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

> கப்பலின் கதையைச் சொன்னால் சொல் தானாக வரும்.

இதைச் சொன்ன அம்மாவுக்கு நன்றி. எனக்கு அப்படித்தான் வந்தது. சயுர சேர்ந்த சுகன்யா வகையில் மொத்தம் ஏழு கப்பல்கள். முதல் மூன்று தென் கொரியாவில் கட்டப்பட்டன, மீதி நான்கு விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில். அந்த நான்கில் ஒன்று சரயு. 1991-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. போர்க்கப்பல் அளவுக்கு ஆயுதம் கிடையாது. 40 மில்லிமீட்டர் பீரங்கி, ஹெலிகாப்டர் இறங்கத் தளம், பல நாள் ஓடத் தேவையான எண்ணெய், தண்ணீர், உணவு. இவைதான் அதன் பலம். 2000 டிசம்பரில் இலங்கைக்குக் கைமாறியபோது சரயு, சயுர ஆயிற்று. எழுத்து இடம் மாறியதுபோல் தோன்றினாலும், சிங்களத்தில் சயுர என்றால் கடல். ஆற்றின் பெயர் கடலின் பெயரானது! பின்னால் இலங்கைக்கு வந்த கப்பல்களின் பெயர்களும் அப்படியே கடலைக் குறிப்பவை. 1968-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் சேர்ந்த கரேஜியஸ், 2004-இல் கைமாறி சமுதுர ஆனது. இந்தியக் கடலோரக் காவல்படையின் வராகா, சாகர ஆனது. சமுத்திரம், சாகரம் என்று நம் காதுக்கும் எட்டுகிற பெயர்கள். 2017-இல்தான் கோவாவில் புதிதாகக் கட்டிய சயுரல வந்து சேர்ந்தது.

2007-ஐப் பற்றி எழுதும்போது கை தயங்கியது. இலங்கைக்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவில் விடுதலைப் புலிகளின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்த நடவடிக்கைகளில் சயுரவும் சமுதுரவும் இருந்தன. நம்மில் பலருக்கு அது வெறும் தகவல் அல்ல. ஆனாலும் பணி வரலாறு என்று தலைப்பிட்டபின் அதை விட்டுவிட முடியாது, மழுப்பவும் கூடாது. சொல்லாக்கத்துக்கு அங்கிருந்து கிடைப்பது இது: ஒரு சிறிய கடற்படை அவ்வளவு தூரம் போக முடிந்தது, போன இடத்தில் நாள்கணக்கில் தங்கத்தக்க கப்பல்கள் கையில் இருந்ததால்தான். தூரத்தைக் காட்டிலும் தங்குவதே இந்த வகையின் உயிர்.

> அப்படியானால் "ஆழ்கடல்" எனலாமே.

ஆழமும் தொலைவும் ஒன்றல்ல. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேடு, கரையிலிருந்து வெகுதொலைவு, ஆனால் ஆழம் குறைவு. "புறக்கடல்" அதைவிட நல்ல சொல். கடலில் அமைக்கும் காற்றாலைக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். தங்குவது மட்டும் அதில் வராது.

நான் முன்வைப்பது தங்குகடல். தூத்துக்குடி, குமரிப் பக்கம் விசைப்படகுக்காரர்கள் நாள்கணக்கில் கடலில் கிடந்து மீன்பிடிப்பதைத் தங்குகடல் மீன்பிடிப்பு என்கிறார்கள். ஐஸ், அரிசி, டீசல் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள். காவல் கப்பல் போவதும் அப்படித்தான். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன "பலநாள்" என்பதும் மீனவர் சொல்லே, பொருளும் நெருக்கம். ஆனால் "பலநாள் காவல்" என்றால் பல காலமாக நடக்கும் காவல் என்று படும்.

"தங்குகடல் என்றால் கடல் தங்குகிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? சுடுகாடு, படுகளம் எல்லாம் இந்த வகை வினைத்தொகைதான். தங்கும் கடல், தங்கிய கடல், இனித் தங்கப்போகும் கடல், மூன்று காலமும் உள்ளே இருக்கிறது.

ரோந்து வேண்டாம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கடலோரக் காவல்படை என்று ஏற்கெனவே பழகிவிட்டதால் காவல் இயல்பாகப் பொருந்துகிறது. கலம் என்றால் படகும் கப்பலும் இரண்டும் அடங்கும். கரையை ஒட்டிச் சுற்றுபவற்றுக்குக் கரைக்கடல் காவற்படகு என இணைச்சொல் வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரையின் முதல் வரிகளை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன்:

"சயுர, இலங்கைக் கடற்படையின் தங்குகடல் காவற்கலம். விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டு, 1991-இல் சரயு என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் பணியேற்றது. 2000 டிசம்பரில் இலங்கைக்குக் கைமாறியது."

இதில் "பணியேற்றது" எனக்கு முழு நிறைவு தரவில்லை. பணியேற்பது ஆள், கப்பலைப் பணியில் சேர்ப்பார்கள். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.