மாருதி 800: கழட்டின மூணு ப்ளக்கும் மூணு நம்பர், எதை வாங்குறது?

தங்கச்சிமடம் 800:
அண்ணன்மாருக்கு வணக்கம். மாமா ஓட்டிக்கிட்டிருந்த 1997 மாருதி 800 இப்ப என் கையில இருக்கு. கார்பரேட்டர் வண்டி. ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடுது. பாம்பன் பாலத்துல ஏத்தம் ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்குது, மிதிச்சா உதறுது. ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிப் பார்த்தேன். ஒண்ணு என்ஜிகே பிபி6இஎஸ், இன்னொண்ணு பாஷ் டபிள்யூ7டிசி, மூணாவது என்ஜிகே பி7ஹெச்எஸ். முதல் ரெண்டும் லேசான பழுப்பு நிறம். மூணாவது காஞ்ச கரியா கறுத்துக் கிடக்கு. கடைக்காரர் "7-தான் பெருசு, மூணையும் என்ஜிகே 7-ஆவே போட்டுருங்க"ங்கிறார். சொந்தக்காரர் ஒருத்தர் இரிடியம் போடச் சொல்றார். வண்டியோட புத்தகம் கைக்கு வரல. மாமா உசுரா வச்சிருந்த வண்டி, இன்ஜினைக் கெடுத்துடக் கூடாது. எது சரி?

கீழக்கரை பட்டறை:
தம்பி, முதல்ல அந்த மூணாவது ப்ளக்கை ஒதுக்கிப் போடுங்க. வேற ப்ளக் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்க வேணாம். அது அவுட்போர்டு மோட்டாருக்குப் போடுற ரகம். நம்ம கரையில ஃபைபர் படகு வச்சிருக்கிற வீட்டுல கிடக்கும், அவசரத்துக்கு யாரோ எடுத்து மாட்டியிருக்காங்க. மரையோட குறுக்களவு ரெண்டுக்கும் 14 மி.மீ., ஸ்பேனரும் ஒண்ணுதான், அதனால தடையில்லாம ஏறிடும். நீளம்தான் வேற. என்ஜிகே-ல நம்பருக்கு அடுத்து "இ" இருந்தா மரை நீளம் 19 மி.மீ., "ஹெச்" இருந்தா 12.7 மி.மீ. உங்க ஹெட்டுக்கு (ப்ளக் ஏறுற சிலிண்டர் மூடி) 19 வேணும். குட்டையைப் போட்டா நெருப்பு குழிக்குள்ளயே பொறியும், சிலிண்டருக்குச் சரியா எட்டாது. கீழே திறந்து கிடக்கிற மரையில கரி படிஞ்சு இறுகிடும். ஹெட் அலுமினியம்ங்கிறதை மறந்துடாதீங்க. மரை போச்சுன்னா ஒரு ப்ளக் விலையோட நிக்காது.

அடுத்து நம்பர். இங்கதான் நிறைய பேரு தப்பா வாங்கிட்டுப் போறாங்க. என்ஜிகே-ல நம்பர் ஏற ஏற குளிர்ச்சியான ப்ளக், அதாவது முனையோட சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துறது. பாஷ்ல நம்பர் ஏற ஏற சூடான ப்ளக், அப்படியே தலைகீழ். என்ஜிகே 6-க்கு ஈடு பாஷ் 7, டென்ஸோவுல 20. ஆக முதல் ரெண்டு ப்ளக்கும் ஒரே சூட்டு ரகம்தான், உங்க மாமா அதுல தவறல. கடைக்காரர் சொல்ற என்ஜிகே 7 ஒரு படி குளிர்ச்சி. ப்ளக் முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல சூடானாத்தான் படியிற கரியைத் தானே எரிச்சுக்கும். தங்கச்சிமடத்துல இருந்து ராமேஸ்வரம் போய்த் திரும்புற ஓட்டத்துக்கு 7 அந்தச் சூட்டுக்கு வர்றதே சிரமம், கரி பிடிக்கும். அதுக்காக ரொம்பச் சூடான ப்ளக்குக்கும் போயிடாதீங்க. முனை 800 டிகிரியைத் தாண்டினா பொறி விழுறதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும், பிஸ்டனுக்கு ஆபத்து.

நம்பருக்கு முன்னாடி ஆர் எழுத்து இருந்தா உள்ள ரெசிஸ்டர் இருக்குன்னு அர்த்தம். உங்க கார்பரேட்டர் வண்டி அது இல்லாமலும் ஓடும், ரேடியோவுலதான் இரைச்சல் வரும். எம்பிஎஃப்ஐ வண்டியில (கார்பரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீச்சுற ரகம்) ஆர் இல்லாம போடவே கூடாது.

உறுதியான நம்பருக்கு மாருதி ஸ்பேர்ஸ் கவுண்டர்ல வருஷத்தையும் கார்பரேட்டர்ங்கிறதையும் சொல்லிக் கேளுங்க, கேப் (முனையில பொறி தாண்டுற இடைவெளி) அளவையும் சேர்த்து. எம்பிஎஃப்ஐ 800-க்கு உள்ளதை வாங்கிடாதீங்க. மூணும் ஒரே கம்பெனி, ஒரே நம்பரா இருக்கட்டும். இரிடியம் ரொம்ப நாள் உழைக்கும், அது உண்மைதான். ஆனா இந்த இன்ஜினுக்குச் சாதா ப்ளக்கே தாராளம். மிச்சக் காசுல ப்ளக் வயரை மாத்துங்க.

பாம்பன் கரை:
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன அந்தக் கடைசி வரியைத்தான் நான் பிடிச்சுக்கிறேன். ஏத்தத்துல மட்டும் மிஸ் அடிக்குதுன்னா வயரையும் பார்த்தே ஆகணும். அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடும், பொறி தாண்டுறதுக்கு வோல்டேஜும் கூடுதலா வேணும். அப்பத்தான் பலவீனமான இடத்துல கரண்ட் கசியும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல நம்ம பக்கம் பானட்டுக்குள்ளயும் உப்பு படியும். ப்ளக்கோட வெள்ளைப் பீங்கான்ல அது ஈரமா ஒட்டினா கரண்ட் அது மேலேயே ஓடி பாடிக்குப் போயிடும். ராத்திரி இருட்டுல பானட்டைத் திறந்து இன்ஜினை ஓட விட்டுப் பாருங்க, கை வைக்காதீங்க. நீலமா மின்னுற இடம்தான் கோளாறு. ப்ளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடிக்குள்ள பச்சைக் களிம்பு இருக்கான்னும் பாருங்க. பீங்கானைக் காஞ்ச துணியால துடைச்சு, ரப்பர் தொப்பியோட உள்வாயில சிலிகான் கிரீஸ் மெல்லிசா தடவி மாட்டினா உப்பு ஏறாது.

தங்கச்சிமடம் 800:
கவுண்டர்ல கேட்டு மூணும் ஒரே நம்பரா வாங்கிட்டேன். இருட்டுல பார்த்ததுல ரெண்டாவது வயர் மின்னுச்சு, செட்டையே மாத்தியாச்சு. ஆனா குட்டை ப்ளக் இருந்த குழியில புதுசு பாதி வரைக்கும் கையால ஏறுது, அப்புறம் பிடிக்குது. ஸ்பேனர் போடலாமா?

கீழக்கரை பட்டறை:
போடாதீங்க தம்பி. அது கரி. ஸ்பேனர் போட்டா மரையைச் சீவிக்கிட்டு இறங்கும். 14-க்கு 1.25 மரை சுத்தம் பண்ற டேப் எந்த லேத்துலயும் இருக்கும். டேப்போட பள்ளத்துல கிரீஸை அப்பிக் கையால அரைச் சுத்து உள்ளே, கால் சுத்து வெளியேன்னு மெதுவா இறக்குங்க. கரி கிரீஸோட ஒட்டிக்கிட்டு வரும், அடிக்கடி வெளியே எடுத்துத் துடைங்க. முடிச்சதும் காயில் வயரைக் கழட்டிட்டு, ப்ளக் இல்லாம ரெண்டு தடவை செல்ஃப் அடிங்க, உள்ளே விழுந்த தூள் காத்தோட வெளியேறிடும். முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதீங்க. அப்புறம் இன்ஜின் ஆறியிருக்கும்போது புது ப்ளக்கை விரலாலேயே திருகி, வாஷர் ஹெட்ல தொட்டதும் ஸ்பேனரால அரைச் சுத்து, மிஞ்சினா இன்னும் கொஞ்சம், அவ்வளவு போதும். மரையில கிரீஸ் எதுவும் தடவ வேணாம், தடவினா கைக்குத் தெரியாமலே அதிகமா இறுகிடும். டேப் போயும் ப்ளக் ஏறலைன்னா அப்படியே நிறுத்திட்டு எழுதுங்க.