பிரிஃபிக்ஸ்: முன்னொட்டா, நிறுவிடமா?

அனைவருக்கும் வணக்கம்.

> பிரிஃபிக்ஸ் என்றால் முன்னொட்டு. இலக்கணத்தில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, உங்கள் மடலைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். முன்னொட்டு நல்ல சொல்தான். ஆனால் ஒரு மென்பொருளை எந்த அடைவில் (டைரக்டரி) நிறுவுவது என்று சொல்லும் பிரிஃபிக்ஸ் என்ற தெரிவுக்கு (ஆப்ஷன்) அது பொருந்தவில்லை என்று வகுப்பறையிலேயே கண்டேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன பருவத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சி மொழிக்கான குனு அறிவியல் நூலகத்தை (ஜிஎஸ்எல், கணக்கீடுகளுக்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு) நிறுவக் கற்றுக்கொடுத்தேன். லினக்ஸ் கணினிகள், ஆளுக்கொரு கணக்கு, ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் எங்கள் யாரிடமும் கிடையாது. மூலநிரலை இறக்கிப் பிரித்து, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளைகள். முதல் இரண்டும் ஓடின. மூன்றாவதில் எல்லாத் திரைகளிலும் ஒரே வரி: பெர்மிஷன் டினைட். இடம் எதுவும் சொல்லாவிட்டால் இந்த நூலகம் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் போய் உட்காரப் பார்க்கும். மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றித் தரும் ஜிசிசி கம்பைலர் தானாகத் தேடிப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே எழுத நமக்கு அனுமதி இல்லை. "அப்போ அட்மின் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டார்.

வேண்டியதில்லை. கான்ஃபிகர் கட்டளையிலேயே பிரிஃபிக்ஸ் என்ற தெரிவில் நம் ஹோம் அடைவுக்குள் ஓரிடத்தைக் காட்டினால் போதும். தலைப்புக் கோப்புகள் (ஹெடர்) அதன் இன்க்ளூட் அடைவுக்கும், நூலகக் கோப்புகள் லிப் அடைவுக்கும் போய்ச் சேரும். யூஎஸ்ஆர் லோக்கலைத் தொடவே வேண்டாம். நான் கொடுத்த தமிழ்க் குறிப்பில் "முன்னொட்டாக உங்கள் அடைவைக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தேன். உடனே வந்த கேள்வி: "எந்தச் சொல்லுக்கு முன்னால ஒட்டணும் சார்?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் படித்த பொருளைத்தான் அந்தச் சொல் அவர்களுக்குத் தந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேக் இன்ஸ்டாலுக்கு டெஸ்ட்டிர் என்று வேறொரு மாறி இருக்கிறது. மென்பொருள் பொதி (பேக்கேஜ்) கட்டுகிறவர்கள் பயன்படுத்துவது. கோப்புகளை நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் ஒவ்வொரு பாதைக்கும் முன்னால் அது ஒட்டிக்கொள்ளும், பிறகு அதன் சுவடே இருக்காது. முன்னொட்டு என்ற பெயர் உண்மையில் இதற்கல்லவா பொருந்துகிறது! பிரிஃபிக்ஸ் அப்படி ஒட்டிவிட்டுப் போவதில்லை. நூலகம் எங்கே இருக்கிறது என்று மற்ற நிரல்களுக்குச் சொல்ல அதனோடு வரும் பேக்கேஜ்-கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள், நீங்கள் கொடுத்த இடம் அங்கே எழுதியிருக்கும். அடைவைப் பின்னால் வேறிடத்துக்கு நகர்த்தினால், வீடு மாறியும் ரேஷன் அட்டையில் பழைய முகவரியே இருப்பது போலத்தான். ஆகவே அது குடியிருக்கும் இடம். இடம் என்றே பெயர் வைப்போம்.

என் பரிந்துரை நிறுவிடம். உறைவிடம், வாழ்விடம், புகலிடம் என்று நம் காதுக்குப் பழகிய ஓசை. நிறுவு என்பது முற்றியலுகரம் ஆயிற்றே, உகரம் கெடுமா என்று நம் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கதவு + அடைத்தான் கதவடைத்தான் ஆவது போல இதுவும் வரும். நிறுவிய இடம், நிறுவுகிற இடம், நிறுவும் இடம் என்று முக்காலத்துக்கும் விரிகிற வினைத்தொகை என்பது கூடுதல் மகிழ்ச்சி.

நம் குழுவின் யாழ்ப்பாணத்து அக்கா முன்வைத்த "பயனர் நிறுவல்" (ஒரு பயனர் தனக்கு மட்டும் நிறுவிக்கொள்வது) இதற்குப் போட்டி இல்லை. அது செயலின் பெயர், இது இடத்தின் பெயர். பைத்தானில் 2.6 பதிப்பு (2008) முதல் ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பொதி அடைவு உண்டு, பொதிகளை நிறுவும் பிப் கட்டளையில் யூசர் என்ற தெரிவே இருக்கிறது. அங்கே அவர் சொல் அப்படியே பொருந்தும். ஆனால் அக்கா, ரைட் பெர்மிஷனுக்கு நீங்கள் சொன்ன "எழுத்துரிமை" வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது எழுத்தாளரின் உரிமையாகவே கண்ணில் படுகிறது. எழுதும் அனுமதி என்று நேராகச் சொன்னால் யாருக்கும் விளங்கும்.

நிறுவிய பிறகுதான் மாணவர்கள் அதிகம் தடுமாறினார்கள். கம்பைலர் நம் ஹோம் அடைவுக்குள் தானாகப் போய்ப் பார்க்காது, கட்டளையில் ஆங்கில எழுத்துகளால் நாம்தான் சொல்ல வேண்டும். தலைப்புக் கோப்புகளுக்குப் பெரிய ஐ, நூலகம் இருக்கும் அடைவுக்குப் பெரிய எல், நூலகத்தின் பெயருக்குச் சின்ன எல். இரண்டு எல் எழுத்துகளையும் மாற்றிப் போட்டு அரை மணி நேரம் போனவர்கள் உண்டு. இவை எல்லாம் சரியாகி நிரல் உருவான பிறகும், ஓட்டினால் பகிர்வு நூலகம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ஓடும் நேரத்தில் தேடுவது கம்பைலர் அல்ல, நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர். அதற்கு எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியில் சொல்ல வேண்டும், அல்லது இணைக்கும்போதே நிரலுக்குள் ஆர்பாத்தாகப் பதித்துவிட வேண்டும்.

தேடும் இடங்களின் வரிசைக்குத் தேடுபாதை என்பதை ஏற்கெனவே பலர் ஏற்றுவிட்டீர்கள். ஆர்பாத்துக்குப் பதிபாதை என்று வைக்கலாமா? பதிந்த பாதை என்ற பொருள் சரியாக இருக்கிறது. பதி என்றால் ஊர், தலைவன் என்றும் பொருள் உண்டே என்ற தயக்கம் மட்டும் எனக்கு இருக்கிறது. "உட்பதிபாதை" என்று நீட்டினால் தெளிவு கூடும், நாக்கு கொஞ்சம் சிரமப்படும். ஐயாவும் மற்றவர்களும் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். அடுத்த பருவக் குறிப்புகளை இந்த மாதக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்.