வியாழக்கிழமைப் பொட்டலம்

குழு: தெரு அன்னதானம், திருப்பாதிரிப்புலியூர்

மாடிவீட்டு அக்கா (இரவு 9:42)
இப்போதுதான் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வந்தேன். 40 பொட்டலம் கொண்டுபோனோம், 13 மீந்துவிட்டது. மனசே சரியில்லை.

டெய்லர் பாய் (9:44)
ஏன்மா, ஆட்கள் குறைந்துவிட்டார்களா?

மாடிவீட்டு அக்கா (9:53)
ஆட்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள் பாய். நமக்கு முன்னால் இரண்டு குழு வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. வியாழன் என்றால் எல்லோருக்கும் சாய்பாபா நினைவு வந்துவிடுகிறது. டிக்கெட் கவுண்டர் பக்கம் படுத்திருக்கும் பாட்டி, நம் பொட்டலத்தையும் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்தன. "விடிஞ்சா ஊசிப்போயிடும் கண்ணு, ஆனா செவ்வாக்கிழமைக்கு ஒண்ணும் வராதே" என்றார். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாகக் கொடுக்கிறோம். பாட்டிக்கு எந்த ஊர் என்று இன்றைக்குத்தான் கேட்டேன். காலில் செருப்பில்லை, குதிகால் வெடித்து ரத்தம் கட்டியிருக்கிறது.

மருந்துக்கடை அண்ணன் (9:55)
களிம்பும் கட்டுத் துணியும் நான் தருகிறேன் அக்கா. சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அந்தக் காலை அப்படியே விடக்கூடாது.

வாத்தியார் ஐயா (10:06)
சின்ன வயதில் அப்பாவோடு வடலூர் தருமசாலைக்குப் போவேன். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. நாம் அதை அதிசயம் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பசித்தவர் எந்தக் கிழமையில் வந்தாலும் அங்கே சோறு இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த நெருப்பு. பார்வதிபுரத்துக்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், அதில் எழுந்தது தருமசாலை. ஜீவகாருண்யத்துக்கு நல்ல நாள் எது என்று அவர் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. நமக்கும் செவ்வாய் காலையே சரி என்று படுகிறது.

டெய்லர் பாய் (10:09)
சரிங்க ஐயா. ஞாயிறு சர்ச்சிலிருந்து கொடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிவாசல் ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். செவ்வாயும் புதனும்தான் வெறுமை. இரண்டு பக்கமும் நான் பேசிவிடுகிறேன்.

நர்ஸ் தங்கச்சி (10:15)
இன்னொரு விஷயம். தனக்குத்தானே பேசிக்கொண்டு சுற்றுகிறாரே ஒரு அண்ணன், பொட்டலம் வைத்தால் தொடவே மாட்டார். அவருக்கு முதலில் வேண்டியது வைத்தியம். 2017 மனநலச் சட்டப்படி, இப்படித் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள், மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் நானே கூட வருகிறேன்.

மருந்துக்கடை அண்ணன் (10:18)
பாட்டியை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டால் என்ன?

மாடிவீட்டு அக்கா (10:24)
அதையும் கேட்டேன் தம்பி. முன்பு ஓர் இல்லத்தில் இருந்தாராம். வாசலைத் தாண்ட விடமாட்டார்களாம், கட்டியிருந்த சேலையைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்களாம். சொல்லும்போதே கை நடுங்கியது. அவர் சம்மதிக்காமல் எங்கும் கூட்டிப் போக வேண்டாம். பழகட்டும், பார்ப்போம்.

நர்ஸ் தங்கச்சி (10:26)
முதியோருக்கு 14567 என்று இலவச உதவி எண் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. முதியோர் உதவித்தொகைக்கு எப்படி எழுதுவது என்று நாளைக்கே கேட்கிறேன். ஆதார் இருக்கிறதா அக்கா?

மாடிவீட்டு அக்கா (10:28)
மழையில் போய்விட்டதாம்.

வாத்தியார் ஐயா (10:31)
கைரேகை வைத்துத் திரும்ப எடுக்க முடியுமா என்று இ-சேவை மையத்தில் விசாரிக்கிறேன். செவ்வாய் காலை என் வீட்டு அடுப்பில் கஞ்சி, துவையல். பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம்.

டெய்லர் பாய் (10:33)
பாட்டிக்குச் செருப்பு நான் வாங்குகிறேன். என்ன அளவு?

மாடிவீட்டு அக்கா (10:34)
என் செருப்பைப் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. 6. பின்னால் வார் வைத்ததாக வாங்குங்கள் பாய், வழுக்காது.