ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்ட அனுபவம் உண்டா?

ஊரணிக்கரை:

செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறவர்கள், கிராம சபையிலோ நகராட்சியிலோ வரவு செலவு பற்றி நேரில் கேட்டிருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். நடுவில் செம்புறாங்கல் படி கட்டிய ஊரணி. சின்ன வயதில் குடத்தோடு இறங்கினால் நாலைந்து படியிலேயே தண்ணீர் மொண்டுவிடலாம். கொஞ்ச வருடமாக ஐப்பசி மழை கொட்டினாலும் அடிமண் நனைவதோடு சரி. ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துவிட்டது. மேல் பாதியில் சீமைக்கருவேலம், கீழ்ப் பாதியில் யாரோ கொட்டிய கட்டட இடிபாடு. வர வேண்டிய தண்ணீர் எல்லாம் ரோட்டில் ஓடியது.

2023 ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனேன். பிள்ளையார் கோவில் வாசலில் சாமியானா. ஊராட்சிச் செலவுக் கணக்கான படிவம் 30-ஐ ஊராட்சிச் செயலர் வாசித்தார். தெருவிளக்கு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், சம்பளம் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எழுந்து வரத்துக்காலைப் பற்றிக் கேட்டேன். "பொது நிதியில பணம் இல்லைங்க ஆச்சி, கரண்டு பில்லுக்கே சரியாப் போகுது" என்றார் தலைவர். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும் எங்கள் ஊரில் எவ்வளவு வசூலாகும் என்று எனக்கே தெரியும்.

ஆனால் முந்தின நாள் அக்காள் மகனிடம் விவரம் கேட்டு வைத்திருந்தேன். அவன் வேறு ஒன்றியத்தில் வேலை பார்க்கிறான். மத்திய நிதிக் குழு மானியம் என்று ஒன்று தனியாக வருகிறது. அப்போதிருந்த 15-ஆவது நிதிக் குழுக் கணக்கில் அதில் 60 சதவீதத்தைத் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்க முடியும். அந்தத் தண்ணீர்ப் பாதியில் குடிநீரோடு மழைநீர்ச் சேகரிப்பும் உண்டு. "அதில் மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டேன். செயலர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் பைக்குள்ளிருந்து பச்சை அட்டை போட்ட வேறொரு நோட்டை எடுத்தார்.

பணம் இருந்தது. கோவில் பக்கம் ஏற்கெனவே இரண்டு சின்டெக்ஸ் தொட்டி நிற்கிற இடத்தில் மூன்றாவதாக ஒன்று வைக்க யோசித்திருந்தார்கள். உடனே தெற்குத் தெரு அம்மா ஒருவர் எழுந்து, "எங்க தெருவுக்கு ஒரு தொட்டிகூடக் கிடையாது, உங்களுக்கு ஊரணி கேக்குதா?" என்று என்னைக் கேட்டார். சுருக்கென்றது. நான் அந்தத் தெருவை நினைத்தே பார்த்திருக்கவில்லை. கடைசியில் தொட்டியைத் தெற்குத் தெருவில் வைப்பது, மீதிப் பணத்தில் வரத்துக்கால் தூர்வாருவது என்று முடிவானது. எங்கள் ஊரில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தை அப்புறம் எழுதுவதுதான் பழக்கம். அன்றைக்கு எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டோம்.

அக்டோபர் 2 கிராம சபை வந்தும் ஒன்றும் நடக்கவில்லை. 2024 ஜனவரி 26-இல் மறுபடி கேட்ட பிறகுதான் ஓவர்சியர் டேப்போடு வந்தார். ஆடியில் ஜேசிபி இறங்கியது. அள்ளிப் போட்ட மண்ணில் பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல் துண்டுகள் உடைந்து கிடந்தன. ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன், பூ இன்னும் அழியவில்லை. எந்த வீட்டை இடித்துக் கொட்டினார்களோ. கார்த்திகையில் ஒன்பதாவது படியில் தண்ணீர் நின்றது.

இரண்டாங்கட்டு:

எங்களுடையது டவுன் கதை. ஊர்ப் பெயர் வேண்டாம். அப்பச்சியின் ஐயா கட்டிய வீடு, இப்போது பதினாறு பங்கு. ஊரில் இருப்பது நானும் சித்தப்பாவும்தான். மற்றவர்கள் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர். 2022-இல் சொத்து வரி கூடியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம். முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரு தெருவே நீளும் வீடு எந்தக் கணக்கில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே அளவை வைத்து வசதியை எடை போட முடியாது. பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

அதைவிட, வளவு வாசலையும் சேர்த்தே அளந்திருந்தார்கள். வானம் தெரிகிற முற்றம் அது. மனுக் கொடுத்தேன், மூன்று முறை அலைந்தேன். கடைசியில் மறு அளவைக்கு வந்தவர் நல்ல மனிதர். தூணிலிருந்து தூணுக்கு டேப் பிடித்துவிட்டு நிமிர்ந்து ஆகாயத்தைப் பார்த்தார். "இதைக் கழிக்கணும்" என்றார். கழித்தார்கள்.

வரி கட்ட மாட்டோம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணி, கோவிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகியவர்கள். அந்தக் கணக்கு வருடாவருடம் அச்சடித்து வீட்டுக்கு வருகிறது, எந்தப் பைசா எதற்குப் போனது என்று தெரிகிறது. அதே மாதிரி எங்கள் தெருவில் வசூலான வரியில் எங்கள் தெருவுக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். இப்போது பங்காளிகள் எல்லோரும் ஒரு பொதுக் கணக்கில் போட்டு ஏப்ரல் முடிவதற்குள் கட்டிவிடுகிறோம். 5 சதவீதம் குறைகிறது.

செம்மண்:

கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளையும் சேர்த்து 2024-இல் காரைக்குடியை மாநகராட்சி ஆக்கினார்கள் அல்லவா, சேர்ந்த ஊராட்சிகளில் எங்களுடையதும் ஒன்று. 1928-இல் நகராட்சியான ஊர் மாநகராட்சி ஆவதில் எனக்கும் சந்தோஷம்தான். நல்ல ரோடு வரும், குப்பை வண்டி வரும். ஆனால் அம்மாவுக்கு நூறு நாள் வேலைதான் கை வருமானமாக இருந்தது. அது கிராமத் திட்டம், மாநகராட்சிக்குள் கிடையாது. வீட்டு வரியும் கூடும். "தரம் உயருதுன்னா எனக்கு என்னடா உயருது?" என்று கேட்கிறது அம்மா. என்னிடம் பதில் இல்லை. கிராம சபையும் இனி இல்லை. நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபாவும் உண்டு என்கிறார்கள். எங்கள் பகுதி சபா எங்கே கூடுகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆச்சி, உங்களைப் போல் கேட்க வேண்டுமென்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஊரணிக்கரை:

தம்பி, முதலில் உங்கள் பழைய ஊராட்சித் தீர்மானப் புத்தகம் எந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நிறைவேறாமல் கிடக்கிற தீர்மானங்களுக்கு நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய்தான். பகுதி சபா கூடும்போது அந்த நகலோடு போய் உட்காருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கேள்வியை அவர்களே கேட்கட்டும்.