ஈரோடு பக்கம் மேடு ஏறாம தண்ணி ஓரமா நடக்க எடம் இருக்குதுங்களா?

மஞ்சமாநகரம்:
வணக்கமுங்க. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், சமமான தரையில தெனமும் கொஞ்சம் நடக்கோணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, அவங்களும் மொட்டமாடியவே சுத்திச் சுத்தி வந்து சலிச்சுப் போயிட்டாங்க. ஞாயித்துக்கெழம எங்காச்சும் கூட்டிட்டுப் போலாம்னா எல்லாரும் கொடிவேரிங்கறாங்க, அங்க குளிக்கறதுக்கும் மீன் வறுவலுக்குந்தான் கூட்டம், நடக்கறது எங்க. ஏற்காடு ஊட்டின்னா கொண்டை ஊசி வளைவுலயே அம்மாவுக்குத் தலை சுத்திரும். மரம் இருக்கோணும், தண்ணி இருக்கோணும், ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரோணும், கூட நாலு வயசுப் பையன் ஒருத்தன் வருவான். சொல்லுங்க.

வாய்க்காமேடு:
ஏனுங்க, வெள்ளோடுங்கற ஊர விட்டுப்போட்டு எங்கெங்கயோ தேடறீங்களே. ஈரோட்டுல இருந்து சென்னிமலை போற ரோட்டுல சுமாரா 15 கிலோமீட்டர் வாங்க, பறவைகள் சரணாலயம் வந்துரும். எங்களுக்கு அது பெரியகுளம். சரணாலயமாகி ரொம்ப வருசமாச்சு, 2022ல ராம்சார்னு ஒலக அளவுல முக்கியமான நீர்நிலைக லிஸ்ட்டுலயும் சேத்துட்டாங்க, பேரு பெருசா இருந்தாலும் மொத்தமே 77 ஹெக்டேர் தான், நம்ம கணக்குல ஒரு 190 ஏக்கரா. நடக்கறதெல்லாம் குளத்துக்கரை மேலதான். அக்கட்டால தண்ணி, தண்ணிக்குள்ளயே கருவேல மரம், மரத்து மேல பூராப் பறவை. கரைக்கு ஏறும்போது மட்டும் அம்மா கையச் சித்தப் புடிச்சுக்கோங்க, ஏறிட்டா அப்புறம் சமதரை. வாட்ச் டவர் ஒண்ணு இருக்குது, அதுல ஏத்த வேண்டாம், கரையில இருந்தே நல்லாத் தெரியும்.

வெடியக்காலம் போயிருங்க. ஒம்போதுக்கு மேல வெயிலும் ஏறிரும், பாதிப் பறவை எரை தேடிக் கெளம்பியிருக்கும். இன்னொண்ணு, இப்ப மார்கழியில போறதுதான் சரி, லீவு வரட்டும்னு சித்திரை வரைக்கும் தள்ளாதீங்க. அந்தக் குளத்துக்கு மழையும் கீழ்பவானி வாய்க்கா கசிவுந்தான் கதி. வாய்க்கால்ல வழக்கமா ஆகஸ்ட் 15 வாக்குல தண்ணி உடுவாங்க, அதோட ஐப்பசி மழையும் சேந்துதுன்னா இந்நேரத்துக்கு நெறஞ்சு நிக்கும், கோடையில வந்தீங்கன்னா வெடிச்ச மண்ணத்தான் பாக்கோணும்.

பைனாகுலர் பையன்:
அண்ணன் சொல்றது கரெக்ட், சீசன் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம் மூணும் மரத்து மேலயே உக்காந்திருக்கும், தேட வேண்டியதில்ல. ஊசிவால் வாத்து வடக்க சைபீரியா மத்திய ஆசியாப் பக்கமிருந்து வருது, அது தண்ணி நடுவுல தூரமா மெதக்கும், அதுக்கு பைனாகுலர் வேணும். பையனுக்கு மொதல்ல நீர்க்காகத்தக் காட்டுங்க, முங்குச்சுன்னா எங்க எந்திரிக்கும்னு பந்தயம் கட்டலாம், நல்லாப் பொழுது போகும். பளிச்சுன்னு செவப்பு மஞ்சள் சட்டை வேண்டாம்.

கோயமுத்தூர்க்காரி:
பரளிக்காடு யாருமே சொல்லலையே! காரமடை வெள்ளியங்காடு வழியா போகணும், பில்லூர் டேம் தண்ணியில பரிசல், சுத்தியும் காடு, மதியம் அங்க இருக்கற பழங்குடி மக்களே சமைச்சுப் போடுவாங்க, அப்புறம் காட்டுக்குள்ள ஒரு சின்ன நடை. ஃபாரஸ்ட்காரங்க நடத்தறாங்க, முன்னாடியே புக் பண்ணணும். அந்த எடத்துக்கு வேற எதுவுமே ஈடில்ல.

வாய்க்காமேடு:
எடம் அருமைதான் அம்மணி, ஆரு இல்லைன்னா. ஆனா அவிங்க கேட்டது ஈரோட்டுல இருந்து ஒரு மணி நேரம், கோயமுத்தூருல இருந்தே அது 70 கிலோமீட்டர், மலை ரோடு வேற. முழங்கால் தேஞ்சவங்க ஆடற பரிசலுக்குள்ள எப்படி எறங்கி உக்காருவாங்க? எள வயசுக்காரங்க ஒட்டுக்காக் கெளம்பற எடம் அது.

பனியன் ஊரு:
திருப்பூர்ப் பக்கம் வந்தீங்கன்னா எங்க நஞ்சராயன் குளத்தையும் பாருங்க, ஊத்துக்குளி ரோட்டுல. 2024ல அதுவும் ராம்சார் ஆயிருச்சு. இமயமலையத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து குளிர்காலத்துல இங்க வருது. ஆனா நெழல் கேட்டீங்கன்னா வெள்ளோடுதான், அத ஒத்துக்கறேன்.

மஞ்சமாநகரம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வெள்ளோடே முடிவு பண்ணிட்டேன். ஒரு சந்தேகம், பையன் சும்மா நடக்க மாட்டான், கத்துவான், முறுக்கு மிக்சர் எல்லாம் கேப்பான், என்ன பண்றது?

வாய்க்காமேடு:
தின்னறதெல்லாம் கார்லயே முடிச்சுப்போட்டு எறங்குங்க. கவரு ஒண்ணு காத்துல பறந்து தண்ணிக்குப் போனா ஆரு எடுக்கறது? சத்தத்துக்கு ஒண்ணு சொல்றேன், அதயே பையன்கிட்டச் சொல்லுங்க. குளத்தச் சுத்தி இருக்கற ஊருக்காரங்க தீவாளி நோம்பிக்கே வெடி வெடிக்கறதில்லைங்க, பல வருசமா அப்படித்தான். பொடுசுக கம்பி மத்தாப்பு கொளுத்தறதோட சரி. பறவை பயந்து கூட்ட விட்டுட்டுப் போயிருமேன்னு ஊரே பேசி வெச்ச கட்டு, எந்தப் போலீசும் வந்து சொன்னதில்ல. அந்தக் கரையில போயி ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுட்டு நடக்கறவனப் பாத்தா எனக்கு வர்ற கோவத்துக்கு, சரி அத விடுங்க.

பைனாகுலர் பையன்:
முடிச்சுட்டு அப்படியே சென்னிமலை முருகன் கோயிலுக்கும் போயிட்டு வரலாமே?

வாய்க்காமேடு:
தாராளமா. படி 1320, அம்மா அதக் கண்ணுலயே பாக்க வேண்டாம், மேல வரைக்கும் கார் போற ரோடு இருக்குது. கீழ ஊருக்கு வந்து சென்னிமலைப் போர்வை எடுக்கறதுன்னா கைத்தறிச் சங்கத்துக் கடையாப் பாத்து எடுங்க, பவர்லூம்ல ஓட்டுனதையே கைத்தறின்னு தலையில கட்டறவங்களும் உண்டு.