எத்தியோப்பிய விருந்தை நம் மலைவீட்டு அடுப்பில் சமைப்பது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி உறுப்பினர்:
ஞாயிறு பதினொரு மணிக்குக் குடும்பமே ஒரே தட்டைச் சுற்றி உட்கார வேண்டுமென்றால், இஞ்சேரா (தோசை போன்ற புளித்த எத்தியோப்பிய அப்பம்) மாவைப் புதன்கிழமையே கரைத்துவிடுங்கள். அடிஸ் அபாபாவும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். ஆனாலும் மார்கழி இரவில் இங்கே மாவு புளிக்க நான்கு நாள் ஆகும். டெஃப் தானியத்துக்குப் பதில் கேழ்வரகு மாவு 3 கப், மைதா 1 கப், வெதுவெதுப்பான தண்ணீர் 5 கப். கேழ்வரகைத் தயங்காமல் போடலாம். அதன் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். எத்தியோப்பியாவில் டகூசா என்று அழைத்து இஞ்சேராவில் கலக்கிறார்கள். ஆனால் அதை மட்டுமே போட்டால் சுருட்டும்போது விண்டுவிடும்.

புளித்ததும் மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்துவிட்டு, கால் கப்பை அடுத்த முறைக்கு உறையாக எடுத்து வையுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இனிமேல்தான்: ஒரு கரண்டி மாவை மூன்று கரண்டி தண்ணீரில் கஞ்சிபோலக் காய்ச்சி, ஆறவைத்து, திரும்ப மாவிலேயே கலக்க வேண்டும். இதற்கு அப்சித் என்று பெயர். இது இல்லாவிட்டால் இஞ்சேராவில் கண் (சிறு துளை) விழாது. மாவு பொங்க ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள்.

கல்லில் எண்ணெய் கூடாது. ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றி ஊற்றுங்கள். ஊசி குத்தினாற்போல் கண்கள் திறந்துகொண்டே நடுவுக்கு வரும். ஈரப் பளபளப்பு மறைகிற அந்த நொடியில் மூடிபோட்டு ஒரு நிமிடம். திருப்பவே கூடாது. சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், துணியில் ஒவ்வொன்றாக ஆறவிடுங்கள்.

கொடைக்கானல் உறுப்பினர்:
இஞ்சேராவோடு சாப்பிடும் எத்தியோப்பியக் கோழிக் கறியான தோரோ வாட் நம் கோழிக் குழம்பாக மாறிவிடுவதற்குக் காரணம், முதலிலேயே எண்ணெய் விடுவதுதான். ஒரு கிலோ கோழிக்கு ஒரு கிலோ வெங்காயம், பொடியாக நறுக்கி, எண்ணெயே இல்லாமல் சிறுதீயில் முக்கால் மணி நேரம். அடிபிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம். கூழாகக் குழைந்த பிறகே மசாலா நெய், பெர்பெரே (எத்தியோப்பிய மிளகாய் மசாலாப் பொடி) 3 மேசைக்கரண்டி, மலைப்பூண்டு, இஞ்சி. பெர்பெரேவுக்குப் பதில் சாம்பார் பொடி வேண்டாம், அதிலுள்ள பருப்பு குழம்பைக் கட்டியாக்கிவிடும். மிளகாய் வற்றல், வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், ஏலம் வறுத்து அரைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். இதில் சேர்க்கும் முட்டையை மூன்று நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள், நம் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது.

விருந்தினர் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புதன், வெள்ளி நோன்பு நாள். இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் ஆகாது.

ஊட்டி உறுப்பினர்:
அந்த நோன்பு நாளுக்கும் குழந்தைகளுக்கும் திகில் கோமன் என்ற முட்டைகோஸ் கறி போதும். பெயர்தான் அப்படி, மிளகாயே கிடையாது. வெங்காயம், பூண்டு, மஞ்சளை எண்ணெயில் வதக்கி, முதலில் கேரட், பத்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கு, கடைசியில் முட்டைகோஸ். கோஸ் விடும் நீரே போதும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கோஸ் குழைந்து, கேரட் நறுக்கென்று நிற்கும்.

கொடைக்கானல் உறுப்பினர்:
காப்பிக்குத் தாண்டிக்குடிப் பச்சைக் கொட்டை வாங்குங்கள், சிக்கரி கலக்காதது. சாப்பிட்டவர்கள் முன்னாலேயே வறுத்து அந்தப் புகையை முகரக் கொடுப்பதுதான் முறை. அதே பொடியில் தண்ணீர் ஊற்றி மூன்று சுற்று: அபோல், தோனா, பரகா. ஜெபெனா (எத்தியோப்பியக் காப்பிக் கூஜா) இல்லையென்றால் வாய் குறுகிய மண்கூஜாவில் காய்ச்சி, நான்கு நிமிடம் அசையாமல் வைத்து, மெல்லிசாக ஊற்றுங்கள். வண்டல் அடியிலேயே நின்றுவிடும்.